கைப்பை வைத்திருந்த பொம்மை

நான் துணிப்பொம்மை செய்ய ஆரம்பித்ததற்கு என்ன காரணம் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே அவர்களாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, என் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளை இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தி மேசைமேல் பொம்மையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கப்புறம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைப்பு.

கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் பொம்மை செய்ய ஆரம்பித்தது கோபத்தில். ஒரு பெண்ணிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில்.

ஓண சமயத்தில் திருவனந்தபுரத்தில் எங்கே பார்த்தாலும் கண்காட்சி போடுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் வருஷா வருஷம் ஒன்றுக்குப் போவோம். அவருக்கு மிளகாய் பஜ்ஜி, எனக்கு வேடிக்கை. அந்த வருஷம் ஒரு கடையில் துணிப்பொம்மைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முட்டைக்கண், நீளமான இமை, ஒரே சிரிப்பு. ஒன்றை எடுத்துத் திருப்பி முதுகைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணி மொத்தக்கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறார். அவரோடு இருந்து இருந்து எனக்கும் எந்தத் துணியையும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. முதுகுத் தையல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. முடிச்சு வெளியே தெரிந்தது.

"தையல் தெரியுதே" என்றேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். போனில் இருந்து கண்ணை எடுக்காமல், "கைகொண்டு செய்யுன்னதல்லே சேச்சி, அங்ஙனெ இருக்கும். சேச்சிக்கு இதொண்ணும் பற்றூல" என்றாள். கையால் செய்தால் அப்படித்தான் இருக்கும், உன்னால் இதெல்லாம் முடியாது என்று அர்த்தம். முதல் பாதியை விட்டுவிடலாம். இரண்டாம் பாதி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். மலையாளம், இங்கிலீஷ் இரண்டும் அடிப்பேன். ஒரு எழுத்துப் பிசகினால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கிற ஜாதி. என்னைப் பார்த்து முடியாது என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவருடைய பழைய வெள்ளை வேட்டியை எடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பொம்மையை வரைந்தேன். தாளைத் துணிமேல் வைத்துக் கோட்டுக்கு மேலேயே கத்தரித்தேன், கொஞ்சமும் பிசகாமல். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இரண்டு துண்டையும் சேர்த்துக் கையால் தைத்து, உட்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பியபோதுதான் செய்த தப்பு தெரிந்தது. தையல் தின்ற துணி போக மிச்சமிருந்த கைக்குள் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. பென்சிலை விட்டுக் குத்தினேன். கழுத்துக் கிழிந்தது. ஒரு முருங்கைக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி அது என் முன்னால் கிடந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"உங்க அக்கா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்தார். "தையலுக்கு விடாம வெட்டிட்டியே பிள்ளே. கோட்டுக்கு வெளிய அரை இஞ்சாவது விடணும்லா. துணிக்காரன் பொண்டாட்டி இப்பிடி வெட்டுனான்னு வெளிய சொல்லிராத" என்றார்.

திங்கள்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது ஒரு தடித்த புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். சட்டைத்துணிக் கம்பெனிகள் கடைக்குத் தருகிற சாம்பிள் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் துணி ஒட்டியிருக்கும், கட்டம், கோடு, புள்ளி என்று. புது வருஷப் புத்தகம் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைத்தான் எனக்குக் கொண்டுவந்தார். நல்ல மனுஷர். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும்.

இரண்டாவது பொம்மைக்கு இலவம்பஞ்சு வாங்கினேன். மெத்தைக் கடைக்காரர் எச்சரிக்கை பண்ணித்தான் கொடுத்தார். நான் ஃபேன் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து பையைப் பிரித்தேன். அந்த வாரம் முழுக்க ரசத்தில் பஞ்சு, தலையணையில் பஞ்சு, வக்கீல் ஆபீஸில் என் கூந்தலில் பஞ்சு. பிறகு வீட்டிலிருந்த ஒரு பழைய தலையணையைக் கிழித்து அதிலிருந்த நைலான் பஞ்சை எடுத்துக்கொண்டேன். அது சொன்ன இடத்தில் இருந்தது.

ஆனால் தலை நிற்கவில்லை. பொம்மை செய்கிறவர்கள் எல்லோருக்கும் முதல் எதிரி கழுத்துதான். உடம்பை அழகாக அடைத்துவிடலாம், தலையை அடைத்துவிடலாம், நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை இஞ்சு இடம் மட்டும் துவண்டுவிடும். போனில் வீடியோ பார்த்தேன். ஒருத்தி நகத்துக்கு மூன்று கலர் பூசிக்கொண்டு, "ரொம்ப சிம்பிள் பிரெண்ட்ஸ்" என்று சொல்லி, ஏற்கெனவே தலை நிற்கிற ஒரு பொம்மையைக் காட்டினாள். எப்படி நின்றது என்று சொல்லவே இல்லை. கழுத்து வருகிற இடத்தில் வீடியோவை வெட்டியிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். மேசையைப் பார்த்தாள். என் தோளில் கையை வைத்து, "மனசுக்கு ஒரு ஆறுதல்தானே, இல்லியா?" என்றாள். ஆறுதலா? மூன்று பொம்மைக்குத் தலை நிற்கவில்லையென்று பத்து நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின ஓட்டை. இதில் ஆறுதல் எங்கே இருந்து வந்தது? அவளிடம் சொன்னேன், "ஆறுதல் ஒண்ணும் இல்ல, கழுத்து நிக்க மாட்டேங்குது" என்று. அவள் என்னை இன்னும் பரிதாபமாகப் பார்த்தாள்.

கழுத்துக்கு வழி கண்டுபிடித்தது நானேதான். சாம்பிள் புத்தகத்தின் அட்டையைக் குறுகலாக வெட்டி, இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, பாதி தலைக்குள்ளும் பாதி நெஞ்சுக்குள்ளும் போகிற மாதிரி செருகினேன். அதைச் சுற்றிப் பஞ்சைக் கட்டைவிரல் நுனியளவு கிள்ளிக் கிள்ளி, மொட்டைப் பென்சிலால் குத்தி அடைத்தேன். அதற்கு முன்னால், வளைவு வருகிற இடத்திலெல்லாம், கழுத்தடியில், கக்கத்தில், தையலைத் தொடாமல் சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிட வேண்டும். இல்லையென்றால் திருப்பும்போது சுருங்கும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். யாராவது ஆரம்பிக்க நினைத்தால் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் ஐந்தும் கெட்டுப்போகும், அதற்காகத் துணியை ஒளித்து வைக்காதீர்கள்.

முகம் இன்னொரு கதை. முதலில் நானும் எல்லோரையும் போல முட்டைக்கண்ணும் சிரிப்புமாகத்தான் போட்டேன். அது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது, காரணமில்லாமல். எனக்கு அது பிடிக்கவில்லை. வஞ்சியூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற முகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எவ்வளவு விதமான முகம்! குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ட் வாசலைப் பார்க்கிற கிழவர். தலைமேல் இருந்த மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிறவள். அவர்களைச் செய்தேன். என் பொம்மைகளில் ஒன்றுகூடக் குழந்தை இல்லை. இதை யாரும் கவனிக்கவில்லை. பொம்மை என்றால் குழந்தை, குழந்தை என்றால் எனக்கு இல்லாதது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

ஆறாவதாகச் செய்தவள்தான் கைப்பைக்காரி. நாற்பது தாண்டினவள். கறுப்புக் கம்பளி நூலில் கொண்டை, அதில் இரண்டு இழை வெள்ளை. மெல்லிய செம்புக்கம்பியை வளைத்துக் கண்ணாடி. சாம்பிள் புத்தகத்தின் நீலக் கட்டத்துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு சேலை. என் பழைய பர்ஸைக் கிழித்து ஒரு கைப்பை. வாய்க்கு ஒரே ஒரு கோடு, இடது ஓரத்தில் மட்டும் லேசாக இறங்கினது. அந்த இறக்கத்துக்காக மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். பஸ் முக்கால் மணி நேரமாக வரவில்லை, வந்தாலும் நான் யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை என்கிற முகம். கழுத்து நிமிர்ந்து நின்றது. அவளை அலமாரியில் வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போவதும் திரும்பி வந்து பார்ப்பதுமாக இருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் அக்கா. அவரை விட ஒன்பது வயது மூத்தவள், கரமனையில் இருக்கிறாள். தாயில்லாத தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்தவள். நான் அவளை மைனி என்று கூப்பிடுவேன், அவள் என்னைப் பிள்ளே என்பாள். கெட்டவள் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததை அவள் தன் சொந்த வயிற்றுவலி மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள். எட்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. நான்கு வருஷத்துக்கு முன்னால், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நானும் அவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். மைனி மட்டும் எந்த முடிவுக்கும் வரவில்லை. கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் கைப்பைக்காரியை அலமாரியிலிருந்து எடுத்தாள். ரொம்ப நேரம் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது முழுக்க நீயேதான் செஞ்சியா பிள்ளே?"

"ஆமா மைனி."

"வேற யாரு கையும் படலியே? அவன் ஒண்ணும் தைக்கலியே?"

"அவுங்க தைச்சா விளங்கும். எல்லாம் நான்தான்."

அவள் கண் கலங்கிற்று. என் கைவேலையைப் பார்த்துத்தான் கலங்குகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தேன். அலமாரியில் குடைக்கிழவர் இருந்தார், மீன்காரி இருந்தாள். நடுவில் இடம் காலியாக இருந்தது.

"எங்க அவ?"

வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "அக்கா கேட்டா. கொடுத்து விட்டேன்."

"என்னத்துக்கு?"

"சும்மா. யாருட்டயோ காட்டணும்னா."

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொத்தான் நூல் கையோடு வந்துவிட்டது. நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. விதுரா போகிற வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில். வாசலில் ஒரு பெரிய மரம். பிள்ளை வேண்டுகிறவர்கள் அந்த மரத்தில் மரத்தொட்டில் கட்டி, அதில் ஒரு துணிப்பொம்மையைப் படுக்கவைப்பார்கள். பொம்மையை அந்தப் பெண்ணே தைக்க வேண்டும், வேறு கை படக்கூடாது. நாற்பத்தொரு நாள் அது மரத்தில் கிடக்க வேண்டும். மைனி அன்று காலையே வாங்கிக்கொண்டு போய்க் கட்டியும் விட்டாள். நான் மாதக்கணக்கில் பொம்மை தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மைனி என்ன நினைத்திருக்கிறாள் தெரியுமா? நான் அந்த நேர்ச்சைக்குத்தான் கை பழகுகிறேன், வெளியே சொல்ல வெட்கப்படுகிறேன், யாராவது ஒருத்தர் கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்று.

"நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல" என்றார் அவர்.

நான் ஆபீஸ் பையை வைத்துவிட்டு விளக்கேற்றப் போனேன். கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மைனிமேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சு எடுத்துக்கொடுத்து, வாய்க்கோட்டை மூன்று தடவை பிரித்ததைப் பார்த்தவர். இவருக்குத் தெரியாதா அவள் யாரென்று? தெரிந்துதான் கொடுத்தார். அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் இரண்டாம் சனி, கோர்ட் இல்லை. கைப்பையில் சின்னக் கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டேன். அவர் எழுந்து வந்து, "நானும் வாரேன்" என்றார். "வேண்டாம்" என்றேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிறவர்களுக்கு நடுவில் புகுந்து கோட்டை ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறினேன். நெடுமங்காடு தாண்டியதும் ரோடு ஏற ஆரம்பித்தது. ரப்பர் தோட்டங்கள் வந்தன. வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. சாமிக்குக் கொடுத்ததை எடுக்கப் போகிறேன். நான் சாமி இல்லை என்கிறவள் கிடையாது, எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றாத நாள் இல்லை. பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே இறங்கினேன்.

மரத்தடியில் யாரும் இல்லை. முப்பது நாற்பது தொட்டில்கள் தொங்கின. மழையில் நனைந்து காய்ந்து, சில பொம்மைகள் உப்பிப்போயிருந்தன. ஒன்று கைக்குட்டையைச் சுருட்டி நூலால் கழுத்துக் கட்டினது. ஒன்றுக்குக் கண் நெற்றியில் இருந்தது. ஊசியைத் தொட்டே அறியாத பெண்கள் தைத்தவை. எத்தனை கோணல் தையல், எத்தனை முடிச்சு! மற்ற இடமாக இருந்தால் நான் குறை சொல்லியிருப்பேன். அங்கே ஒன்றைக்கூட முதுகுப்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான். அவர்கள் கேட்டு வந்தவர்கள். அவர்கள் பொம்மை அங்கே இருப்பதில் ஒரு நியாயம் இருந்தது.

என்னுடையவளை நாலாவது கிளையில் கண்டேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. சேலையைக் கழற்றி, லேஸ் வைத்த மஞ்சள் கவுன் மாட்டியிருந்தார்கள். கண்ணாடி இல்லை. கைப்பை இல்லை. கொண்டையை அவிழ்த்து இரண்டு குடுமியாக்கி ரிப்பன் கட்டியிருந்தது. கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு. நாற்பது தாண்டின பெண்ணைப் பிடித்துக் கைக்குழந்தையாக்கித் தொட்டிலில் போட்டிருந்தார்கள். அந்த வாயை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மஞ்சள் கவுனுக்கு மேலே அந்த இறங்கின கோடு அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

தொட்டிலை எட்டிப் பிடித்துப் பொம்மையைக் கட்டியிருந்த கயிற்றில் கத்தரிக்கோலை வைத்தபோது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"அய்யோ சேச்சி, அது எடுக்கான் பாடில்ல!"

துடைப்பத்தோடு ஒரு அம்மாள். கோயில் முற்றம் பெருக்குகிறவள். எடுக்கக் கூடாது என்கிறாள். நானும் மலையாளத்திலேயே, இது என்னுடையது என்றேன். யாருடையதானாலும் தேவிக்குக் கொடுத்துவிட்டதுதானே என்றாள். கொடுத்தது நானில்லை, என்னைக் கேட்காமல் கொடுத்தது என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ, குட்டி வேண்டே?"

குழந்தை வேண்டாமா என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அதை என்னிடம் ஒரு கேள்வியாக யாருமே கேட்டதில்லை. டாக்டர் கேட்டதில்லை, மைனி கேட்டதில்லை, வீட்டுக்காரர் கேட்டதில்லை. வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

"வேண்டா" என்றேன்.

முன்பின் தெரியாத ஒருத்தியிடம், அவள் பாஷையில், அப்படித்தான் அது முதன்முதலில் என் வாயிலிருந்து வந்தது. தமிழில் நான் அதை எனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சரிசெய்தாள். "என்னா எடுத்தோ. தொட்டில் அவிடெ கெடந்நோட்டே" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள். பொம்மையை எடுத்துக்கொள், தொட்டில் அங்கேயே கிடக்கட்டும். சரியான தீர்ப்பு என்று தோன்றியது. கயிற்றை வெட்டி அவளை எடுத்தேன். மஞ்சள் கவுனைக் கழற்றி, மடித்து, தொட்டிலில் வைத்தேன். நடையை நோக்கிக் கும்பிட்டேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை என்று அம்மனிடம் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்து, மகளுக்கா என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பொம்மையை மேசைமேல் வைத்தேன். வைத்த கையோடு அவர் போன் அடித்தது. மைனி. பெருக்குகிற அம்மாள் கோயிலில் சொல்ல, அங்கிருந்து தகவல் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கம் அழுகை எனக்கே கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனில், "அக்கா, அது ஒருவேள காத்துல கீத்துல விழுந்து..." என்று இழுத்தார். என்னைக் காப்பாற்றுகிறாராம். நான் போனைப் பிடுங்கினேன்.

"மைனி, காத்துல விழல்ல. நான்தான் கயிற வெட்டி எடுத்துட்டு வந்தேன்."

"ஐயோ பிள்ளே, என்ன காரியம் செஞ்சிருக்க! நாப்பத்தோரு நாள் கெடக்கணும்லா. ஒனக்காகத்தானே நான் அங்கன போய்..."

"எனக்காக நீங்க ஒண்ணும் கேக்காண்டாம் மைனி. எனக்குப் பிள்ளை வேண்டாம்."

"கோவத்துல வாய விடாத."

"கோவமாத்தான் இருக்கேன். ஆனா இது கோவத்துல சொல்லுதது இல்ல. எனக்கு வேண்டாம். நான் பொம்மை செய்யதும் அதுக்காக இல்ல. எனக்குச் செய்யப் பிடிச்சிருக்கு, செய்யேன்."

"நான் அவனத் தூக்கி வளத்தவ" என்றாள் மைனி, ரொம்பச் சின்னக் குரலில்.

"தெரியும் மைனி. அதுக்காக என் பொம்மையத் தூக்கக் கூடாது."

அவள் போனை வைத்துவிட்டாள். இது நடந்து நாலு மாதமாகிறது. எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிடுவேன். ஆனால் மன்னிப்புக் கேட்கக் கூப்பிட மாட்டேன்.

அன்றைக்குப் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீ சொன்னது நெசமாட்டா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"நாலு வருஷமா. அதுக்கு முன்னயே இருக்கும். எனக்கே சரியாத் தெரியல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. ஆசுபத்திரி வேண்டாம்னு நீங்களும்தானே சொன்னீங்க."

"ஆசுபத்திரியத்தான் வேண்டாம்னேன்" என்றார். "ஆச விட்டுப் போகல்ல. நான் என்ன செய்யட்டு?"

பதினாறு வருஷத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதும் அன்றைக்குத்தான். அவர்மேல் நான் சேர்த்து வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

"நான் ஆசப்பட்டது தப்பா?" என்றார்.

"தப்பு இல்ல. ஒங்க ஆச ஒங்களுக்கு இருக்கட்டும். எங்கிட்ட வந்து அழுங்க, நான் கேக்கேன். ஆனா அதக் கொண்டுபோய் என் பொம்மை கழுத்துல கெட்டாதீங்க. அது என்னைக் கெட்டுத மாதிரி."

அவர் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு தடவை தலையை நிமிர்த்தி, நான் ஏதாவது மாற்றிச் சொல்வேனா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தடவுவதை நிறுத்தவில்லை. சொன்னதை மாற்றியும் சொல்லவில்லை.